முதற்பலன் தட்டு

போன வாரம் சத்தியநேசன் குடும்பத்தைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்தோம். மகன் ஜெய்சன் ஆசியாவெங்கும் தொழில் ஆராய்ச்சி செய்யக் கிளம்புகிறான் என்று அந்த மேஜையில்தான் முடிவானது. துணைக்கு மகள் பெர்சிஸும் போவாள் என்றும் முடிவானது. முடிவைச் சொன்னவர் சத்தியநேசன். அவர் சொன்ன முடிவில் ஒரு வாரம் நின்றதாகச் சரித்திரம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். பாளையங்கோட்டையில் சத்தியநேசனின் வாழைக்காய் மண்டிக்கு நல்ல பெயர். அது அவருடைய அப்பா சம்பாதித்த பெயர். ஜெய்சன் மூத்தவன். கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து, மண்டியில் ஏசி அறை ஒன்று கட்டி அதற்குள் உட்கார்ந்திருக்கிறான். பெர்சிஸ் இளையவள். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் கொட்டகை போட்டு, விலை போகாத வாழைப்பழத்தை அறுத்து உலர்த்தி விற்கிறாள். மண்டியில் வியாபாரம் படுத்த நாளெல்லாம் வீட்டில் உலை கொதித்தது அந்தக் கொட்டகையால்தான். அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மழைக்காலத்தில் பழம் காய்வதில்லை என்பது பெர்சிஸின் தீராத தலைவலி. தாய்லாந்தில் கண்ணாடிபோன்ற கூரை வேய்ந்த கூடாரத்துக்குள் மழையிலும் வாழைப்பழம் உலர்த்துகிறார்கள். அங்கே ஒரு மகளிர் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதக்கணக்கில் எழுதி எழுதி அவர்களைச் சம்மதிக்க வைத்தாள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம், உங்கள் சரக்கைக் கொண்டுவந்து காட்டுங்கள், தொழில் தெரிந்தவர்கள் என்று பட்டால் கூடாரத்தைத் திறந்து காட்டுகிறோம் என்றார்கள். வியட்நாமிலும் பிலிப்பைன்ஸிலும் அதே பேச்சு. இப்படி ஒவ்வொரு ஊராகப் பேசிப் பேசிப் பயணத்தைக் கட்டியவள் அவள். அதன்மேல் ஏறி உட்கார்ந்தவன் ஜெய்சன்.

புதன்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம். இன்று ஞாயிறு.

ஜெய்சன் காலையிலேயே கோட்டு போட்டுப் பார்த்தான். பாளையங்கோட்டை வெயிலில் ஒரு கிறிஸ்தவ ஆண்பிள்ளை கோட்டு போடுவது இரண்டு தடவைதான். ஒன்று கல்யாணம், மற்றது அடக்கம். இவன் மூன்றாவதாக ஆசியாவைச் சேர்த்துக்கொண்டான். கழுத்தில், விமானத்தில் தூங்குவதற்கான தலையணை. அதை மாட்டிக்கொண்டே காப்பி குடித்தான். செல்போனைப் பார்த்து மூன்று நாட்டு வணக்கத்தையும் மனப்பாடம் செய்திருந்தான். அம்மா சாரம்மாள் இட்லியோடு வந்தபோது அவளுக்கு வாயருகே கைகூப்பிய தாய்லாந்து வணக்கம் கிடைத்தது.

"என்னலே, பல்லு வலிக்கா?" என்றாள் அவள்.

ஆராய்ச்சிக்காக அவன் செய்த ஏற்பாடுகள் கட்டில் முழுக்கப் பரந்து கிடந்தன. புதுப்பெட்டி, வெயில் கண்ணாடி, 'நிர்வாக இயக்குநர்' என்று அச்சடித்த விசிட்டிங் கார்டுகள், 'ஜெய்சன் ஏசியா எக்ஸ்போர்ட்ஸ்' என்று தங்க எழுத்தில் ஸ்டிக்கர்கள். இதுவரை ஒரு பொட்டலம்கூட ஏற்றுமதி ஆனதில்லை. மூன்று நாட்டிலும் என்னென்ன கேட்க வேண்டும் என்று பெர்சிஸ் அவன் போனுக்கு அனுப்பியிருந்தாள். அவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு, அதைத் திறக்காமலே விட்டுவிட்டான்.

அவன் தொடாதது பாஸ்போர்ட் ஒன்றைத்தான். ஓட்டுநர் உரிமத்தை இரண்டு முறை தொலைத்தவன் என்பதால், வீட்டிலுள்ள எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் சாரம்மாள் வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். சாவி அவள் இடுப்பில்.

ஜெய்சனின் மனைவி ரீபா இந்தப் பக்கத்து நாசரேத் ஊர்க்காரி. கட்டிலுக்குப் பக்கத்தில் அவளருகே ரோஸ் நிறத்தில் இன்னொரு புதுப்பெட்டி நின்றது. பெர்சிஸுக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று சாரம்மாள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை யாரும் திருத்தவில்லை.

"சாம்பிளெல்லாம் எடுத்து வச்சிட்டியா?" என்று சாரம்மாள் கேட்டாள்.

"அதத்தான் யோசிக்கேன். இன்னைக்கு அறுப்பின் பண்டிகைல்லா. சாம்பிளை முதற்பலனாக் கோயிலுக்குக் கொண்டு போயிருவோம்."

சாரம்மாள் முகம் மலர்ந்தது. அவர்களுடைய கிறிஸ்தவச் சபையில், அறுவடைக்கு நன்றி சொல்லும் இந்த நாளில், எது புதிதாக வந்திருந்தாலும் முதல் பங்கு பீடத்துக்குப் போகும். தென்னையின் முதல் குலை, ஆட்டின் முதல் குட்டி, பிள்ளையின் முதல் சம்பளம், எல்லாம். ஆராதனை முடிந்ததும் வந்த பொருள்களைக் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்தில் எலுமிச்சம்பழம் ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். அங்கே விலை எடுக்கிறவனின் மீசைக்குத்தான்.

"ஒரு பொட்டலம் கொண்டு போ. மிச்சத்தப் பிரயாணத்துக்கு வையி" என்றாள்.

"ஒரு பொட்டலத்தத் தட்டுல வச்சா என்ன நெனைப்பாவ? ஆசியாவுக்குப் போறவன் ஆண்டவருக்கு ஒத்தப் பொட்டலம் குடுத்தான்னு ஹெப்ரான் சிரிப்பான்."

ஹெப்ரான் எதிர் மண்டிக்காரர். ஜெய்சன் மூச்சு விடுவதுகூட ஹெப்ரான் என்ன நினைப்பார் என்று யோசித்துத்தான்.

"பெர்சிஸ்கிட்ட ஒரு வார்த்த கேளுலே. அவ போட்ட சரக்கு."

"அவகிட்ட என்னத்தக் கேக்கது. பழத்த அறுக்கதுக்கு அவ, வெளிய கொண்டு போறதுக்கு நான்."

பெர்சிஸ் முந்தின நாளே கொட்டகைக்குப் போயிருந்தாள். ஜெய்சன் சமையலறை அலமாரியைத் திறந்தான். பொட்டலங்கள் இருந்தன. உள்ளே பழத்துண்டுகள் கருத்து, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"கோந்து மாதிரி இருக்கு. இதையா வெளிநாட்டுக்காரன்கிட்ட காட்டச் சொல்லுதா?"

ரீபா அதற்குள் பெர்சிஸின் அறையில் புகுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இழுத்து வந்தாள். அதிலும் பொட்டலங்கள். உள்ளே துண்டுகள் மஞ்சளாக, நகைக்கடை விளக்குபோலப் பளிச்சென்று இருந்தன.

"பாத்தீங்களா அத்தான், நல்லத ஒளிச்சு வச்சிருக்கா."

"அவ சாமான எதுக்குத் தொடுதிய?" என்று சாரம்மாள் வாசலில் நின்று கேட்டாள். அவளுக்கு எது நல்லது, எது கெட்டது என்று தெரியாது. இழுப்புக்காரி என்பதால் புகையும் தூசியும் ஆகாதென்று பெர்சிஸ் அவளைக் கொட்டகைப் பக்கமே விட்டதில்லை. ரீபா ரிப்பன் தேடப் போய்விட்டதால், சாரம்மாளும் கைப்பையில் ஆஸ்துமா பம்ப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேலை மாற்றப் போய்விட்டாள்.

ஜெய்சன் ஒவ்வொரு பொட்டலத்திலும் தன் தங்க ஸ்டிக்கரை ஒட்டினான். ரீபா வெள்ளித்தட்டில் கொள்ளுமட்டும் அடுக்கி ரிப்பன் கட்டினாள்.

பெர்சிஸ் கொட்டகையிலிருந்து பஸ் பிடித்து நேராகக் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது, காணிக்கை படைக்கிற பாட்டு தொடங்கியிருந்தது. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் நின்றாள். நெற்கதிர் போனது, கரும்பு போனது, பூசணிக்காய் போனது. ஒரு சேவல் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டே போனது. அதன் பின்னால் கோட்டும் வியர்வையுமாக அவள் அண்ணன், கையில் வெள்ளித்தட்டு.

தட்டில் இருந்த மஞ்சளைப் பார்த்ததும் பெர்சிஸுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். எதுவும் சேர்க்காமல் வெயிலில் காய்ந்த வாழைப்பழம் கருத்துத்தான் போகும். பிசுபிசுவென்றிருக்கும், லட்சணம் பத்தாது. சுத்தமான சரக்கு அதுதான். பளபளவென்ற மஞ்சள் கந்தகப் புகை காட்டினால் வருவது. கடைக்காரர்கள் மஞ்சளைக் கேட்டு நச்சரித்ததால், எவ்வளவு புகைக்கு எவ்வளவு நிறம் வருகிறது என்று பார்க்க, பெர்சிஸ் ஒரு கூடைப் பழத்துக்கு அளவுக்கு மேல் புகை காட்டி வைத்திருந்தாள். வாயில் வைக்க ஆகாத சோதனைச் சரக்கு அது. புகையில்லாமல் நீங்கள் நிறத்தை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று தாய்லாந்துப் பெண்களிடம் கேட்பதற்காகக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். நல்ல சரக்கு அலமாரியில் இருந்தது. கோந்து என்று ஒதுக்கியதால் தப்பியது.

ஜெய்சன் ஒரு நாளாவது வீட்டுச் சரக்கில் ஒரு துண்டை வாயில் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

சபையார் ஐயர் என்று அழைக்கும் குருவானவர் தட்டின்மேல் கை வைத்து ஜெபித்தார். "இந்த வாலிபனின் ஆசியப் பிரயாணத்தை ஆசீர்வதியும். இவன் கைப்பிரயாசத்தின் முதற்பலனை ஏற்றுக்கொள்ளும்."

பெர்சிஸ் தன் கைகளைப் பார்த்தாள். வாழைக்கறை ஏறி விரல்கள் கருத்திருந்தன. அண்ணனின் கைப்பிரயாசம் ரிப்பனோடு சரி.

ஆனாலும் அவள் அவனிடம் சொல்லத்தான் போனாள். அண்ணா, அது தின்கிற சரக்கு இல்லை, பீடத்திலிருந்து பைய எடுத்துவிடு என்று சொல்ல. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வழியில் ரீபாவைச் சுற்றி நாலைந்து பெண்கள் நின்றார்கள்.

"பேங்காக்ல குடை நல்லாருக்குமாமே. எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வா ரீபா" என்றாள் ஒருத்தி.

பெர்சிஸ் நின்றாள். "மைனி, நீங்க எங்கன போறீங்க?"

ரீபாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "உங்க அண்ணன் சொல்லலியா? ரெண்டாவது டிக்கெட்டு என் பேருலதான போட்டிருக்கு."

"எனக்குன்னுதான அன்னைக்கிப் பேசுனது?"

"கல்யாணமாகாத பொண்ணு நாடு நாடாச் சுத்துனா நாளைக்கு மாப்ள வீட்டுல என்ன கேப்பாவ? மாமாவே சரின்னுட்டாவ."

"அப்பா சொன்னாங்களா?"

"அவங்க வாயாலதான் சொன்னாவ." ரீபா கொஞ்சம் நெருங்கி வந்து, உபகாரம் செய்கிற குரலில் சொன்னாள். "ஒண்ணு செய்யி. அங்கன என்னென்ன பேசணும்னு அத்தானுக்குச் சுருக்கமாச் சொல்லிக் குடுத்துரு. சரக்கு உன் கைவேலைன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுதேன்."

பெர்சிஸ் அப்பாவைத் தேடினாள். வேப்பமரத்தடியில் முன்வரிசை நாற்காலியில் சத்தியநேசன் உட்கார்ந்திருந்தார். மகள் பார்ப்பதைப் பார்த்தார். உடனே குனிந்து, ஏலத்துக்கு அடுக்கியிருந்த பூசணிக்காய்களைக் கவனிக்கத் தொடங்கினார். ஊரில் நாலு பேருக்குப் பஞ்சாயத்துச் சொல்கிற மனிதர், பெற்ற மகளின் கண்ணைப் பார்க்கத் தைரியமில்லாமல் பூசணிக்காயைப் பார்த்தார்.

சொல்ல வந்ததைப் பெர்சிஸ் விழுங்கிவிட்டாள்.

தட்டில் வைத்தது போக மிச்ச மஞ்சளையே அவன் பெட்டியில் கொண்டு போகட்டும். தாய்லாந்தில் முதல் பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தப் பெண்கள் மோந்து பார்த்துச் சிரிக்கட்டும். கதவு அடைபடப்போவது ஜெய்சனுக்கு அல்ல. அவன் அடுத்த தெருவில் சட்டை வாங்கிக்கொண்டு திரும்புவான். அடைபடுவது அவளுடைய கொட்டகைக்கு, அவள் மாதக்கணக்கில் தட்டித் திறந்த கதவு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. அவன் கோட்டோடு அவமானப்பட்டு நிற்க வேண்டும். அது ஒன்று போதும் என்றிருந்தது.

ஏலம் தொடங்கியது. மைக் பிடித்தவர் ஜெபஸ்டின் வாத்தியார்.

சேவலுக்கு ஹெப்ரான் கேட்டார். ஹெப்ரான் கேட்டதாலேயே ஜெய்சனும் கேட்டான். ஹெப்ரான் சும்மா இரண்டு தரம் ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். ஒரு பட்டுச்சேலை விலைக்கு ஜெய்சன் சேவலை எடுத்தான். வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள் யாரும் இல்லை. கால் கட்டிய சேவலைக் கோட்டில் படாமல் தூரமாகப் பிடித்தபடி நின்றான்.

"அடுத்தது, ஆசியா போற தட்டு" என்றார் ஜெபஸ்டின்.

"எனக்கு வையும் வே" என்றார் ஹெப்ரான். "ஞாயிறு பள்ளிப் புள்ளையளுக்கு ஆளுக்கொண்ணு குடுப்போம்."

சொல்லி வாய் மூடுமுன் பிள்ளைகள் அவர் பக்கம் ஓடிப்போய் வரிசை கட்டின.

 அண்ணன் அவமானப்படட்டும் என்று நினைத்த பெர்சிஸ், பிள்ளைகளை நினைத்திருக்கவில்லை. கையைத் தூக்கினாள்.

பெண்கள் பக்கம் பேச்சு நின்றது. அங்கே பெண்கள் ஏலம் கேட்பதுண்டு, பக்கத்திலிருக்கும் ஆணின் காதில்தான். ஜெபஸ்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"சத்தியநேசன் அண்ணாச்சி மகளா? அப்பா பேருக்காம்மா?"

"என் பேருக்கு."

ஹெப்ரான் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை இறக்கினார். "விட்டுருதேன் வே. பெர்சிஸ் போட்ட சரக்கு, பெர்சிஸுக்கே போகட்டும். ஸ்ரீவைகுண்டத்துல யாருகிட்ட கேட்டாலும் சொல்லுவான் அது யாரு சரக்குன்னு."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஜெய்சன் காது சிவந்தது. ரீபா பின்னாலிருந்து அவன் முழங்கையைக் குத்தினாள். அவன் சேவலைத் தூக்கிக் காட்டி ஏலம் கேட்டான்.

தான் கொடுத்த தட்டுக்கு, தன் தங்கைக்கு எதிராக.

அங்கேயே பெர்சிஸ் நிறுத்தியிருக்கலாம். தட்டு அண்ணனிடம் போனால் பிள்ளைகள் வாயில் படாது, அவள் கை தூக்கிய காரியம் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. இன்னொரு தரம் கேட்டாள். அவன் ஏற்றினான். அவள் ஏற்றினாள். அவன் விடமாட்டான் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. தொழிலுக்காக அவன் பத்துப் பைசா செலவழிக்கமாட்டான். தங்கை ஜெயிக்கக் கூடாது என்பதற்காக மண்டியை எழுதித் தருவான். சேவல் விலையைத் தாண்டியது. ஒரு சைக்கிள் விலையைத் தாண்டியது. பேங்காக் டிக்கெட்டை நெருங்கியது. சபையார் ஏலத்தை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சத்தியநேசன் மட்டும் இன்னும் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெய்சன் தொண்டை கிழியக் கடைசித் தொகையைச் சொன்னான். பெர்சிஸ் கையை இறக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"போதும் சார். அண்ணனுக்கே குடுங்க."

மூன்று தரம் சொல்லி முடித்தார் ஜெபஸ்டின். கைதட்டல் கேட்டது. அதைப் பாராட்டு என்று நினைத்த ஒரே ஆள் ஜெய்சன்தான்.

"சொந்தச் சரக்கச் சொந்தத் தங்கச்சிகிட்ட இருந்து ஏலம் எடுத்த ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் ஹெப்ரான் பக்கத்திலிருந்தவரிடம். மைக் அணைக்காமல் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது.

காரில் ஜெய்சன் ஓட்டினான், முன்னால் சத்தியநேசன். பின்னால் மூன்று பெண்கள், நடுவில் சாரம்மாள், அவள் மடியில் தட்டு. அதற்கும் பின்னால் சேவல்.

"ஒரு வகையில நல்லதாப் போச்சு" என்றான் ஜெய்சன். அவனுக்கு எதுவுமே ஒரு வகையில் நல்லதாகத்தான் போகும். "ஐயரு கை வச்சு ஜெபம் பண்ண தட்டு. இதையே பெட்டில வச்சுக் கொண்டு போறேன். அலமாரில இருக்கற கருத்தத மாட்டுக்குப் போட்டுருங்கம்மா."

பெர்சிஸ் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நல்ல சரக்கு மாட்டுக்கு, கெட்ட சரக்கு தாய்லாந்துக்கு. அவள் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு கேவலமான சந்தோஷம் இருந்தது. கேவலம் என்று தெரிந்துதான் அதை வைத்துக்கொண்டிருந்தாள்.

முருகன்குறிச்சி சிக்னலில் கார் நின்றது. சாரம்மாள் ரிப்பனை அவிழ்த்து ஒரு பொட்டலத்தைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"ஆண்டவர் தட்டுல இருந்து வந்தது. வீட்டுக்குள்ள போமுன்ன ஆளுக்கொண்ணு வாயில போடணும். எங்க அம்மா வீட்டுல அப்படித்தான்." ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தன நாளா நான் ருசிகூடப் பாக்கல. மழையில கெடந்து எம்புள்ள போட்டது."

அந்தக் குடும்பத்தில் ஒருத்தர் அவள் காதுபடப் பெருமையாக அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெர்சிஸ் திரும்பினாள். துண்டு அம்மாவின் உதடு வரை போயிருந்தது.

ஓங்கித் தட்டிவிட்டாள். துண்டு பறந்து ரீபாவின் பட்டு மடியில் விழுந்தது.

"தின்னாதீங்கம்மா."

"ஏன்?" என்றார் சத்தியநேசன், முன்னாலிருந்து திரும்பி. காலையிலிருந்து அவர் மகளிடம் பேசிய முதல் சொல்.

"கந்தகப் புகை போட்டது. சோதனைக்கு வச்சிருந்தேன். இழுப்புக்காரங்க தின்னா மூச்சடைக்கும். அலமாரில இருக்கற கருத்ததுதான் நல்ல சரக்கு."

தீக்குச்சி கிழித்த வாசனை அப்போதுதான் எல்லோருக்கும் வந்தது. ஜெய்சன் கோட்டுக் காலரைத் தளர்த்தினான். "ஏட்டி, அப்ப அங்கனயே சொல்ல வேண்டியதுதான?"

சத்தியநேசன் அவனைக் கையமர்த்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பஞ்சாயத்துக்காரராக மாறினார். "தெரிஞ்சுதான் ஏலத்த ஏத்துனியா?"

"ஆமாப்பா" என்றாள் பெர்சிஸ். "நீங்களும் தெரிஞ்சுதான டிக்கெட்டு போட்டீங்க."

சத்தியநேசன் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பார்க்க இங்கே பூசணிக்காய் இல்லை. சிக்னல் விளக்கைப் பார்த்தார்.

சாரம்மாள் பொட்டலத்தின் வாயைச் சுருட்டி மூடினாள். "இதையா நாம பீடத்துல கொண்டு வச்சோம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு, "என்ன டிக்கெட்டு?" என்றாள்.

முன்சீட்டின் முதுகைத் தட்டினாள்.

"ஏங்க, உங்களத்தான் கேக்கேன். பெர்சிஸுக்குப் போட்ட டிக்கெட்டுக்கு என்ன?"

ரீபா மடியிலிருந்த துண்டை இரண்டு விரலால் எடுத்து எங்கே போடுவதென்று தெரியாமல் வைத்திருந்தாள். சாரம்மாள் அவளைப் பார்த்தாள். காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற ரோஸ் பெட்டி அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஜெய்சனுக்குக் கியர் விழவில்லை.

"பெர்சிஸ், கதவத் தொற. எறங்கு" என்றாள் சாரம்மாள்.

"நடு ரோட்டுலயாம்மா?" என்றான் ஜெய்சன்.

சாரம்மாள் தட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு மகளுக்குப் பின்னால் இறங்கினாள். ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். ஏறுவதற்கு முன் திரும்பி வந்து முன் ஜன்னலில் குனிந்தாள். பேசியது புருஷனிடம், பார்த்தது மகனை.

"நாங்க முன்ன போய் அந்தக் கருத்ததப் பத்திரப்படுத்துதோம். நீங்க பைய வாங்க." இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "பாஸ்போர்ட்டெல்லாம் என் பீரோவுலதான் இருக்கு. புதன்கிழமை யாரு போறதுன்னு, தொறக்கும்போது நான் பாத்துக்கிடுதேன்."